ஷார்ட்கட் உங்கள் விண்டோவைத் தாண்டக் கூடாது: ஆட்டோஹாட்கீயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீகளுக்கு நாம் விரும்பும் வேலையைக் கொடுக்க உதவும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் மொழியான ஆட்டோஹாட்கீயில் சின்னதாக ஒரு விண்டோ செய்து, எஃப்5, டெலீட், கன்ட்ரோல்-எஸ் எல்லாம் அதற்குள் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் போய் விழும் குழிகள் பழையவைதான். இன்றைக்கு வழி சொல்கிற எல்லோரும் ஒரு காலத்தில் அதில் விழுந்து எழுந்தவர்களே. அடைப்புக்குறியை விட்டது, பெயரைத் தப்பாக அடித்தது போன்றவற்றை எரர் செய்தியே காட்டிக்கொடுத்துவிடும். எரரே வராமல் தப்பாக ஓடுபவற்றை மட்டும் பார்ப்போம். கட்டளைப் பெயர்களை ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஸ்கிரிப்டில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஷார்ட்கட்டுக்கு உள்ளே இஃப் போடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிற தவறு இது. எஃப்5 என்று ஒரு ஷார்ட்கட் எழுதுவார்கள். அதன் உடலுக்குள் "என் விண்டோ ஆக்டிவாக இருந்தால் இதைச் செய்" என்று ஒரு இஃப். ஓட்டிப் பார்த்தால் தங்கள் விண்டோவில் சரியாக வேலை செய்யும். வேறு விண்டோவில் ஒன்றும் நடக்காது. "அடங்கிவிட்டது" என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

ஒன்றும் நடக்காததுதான் கோளாறே. பிரவுசரில் எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்பட வேண்டும். நோட்பேடில் அழுத்தினால் நேரமும் தேதியும் விழ வேண்டும். இரண்டும் நடக்காது. காரணம், ஷார்ட்கட் கணினி முழுவதற்கும் பதிவாகியிருக்கிறது. கீயை அழுத்தியதும் ஸ்கிரிப்ட் அதை விழுங்கிவிடும், அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் இஃப் ஓடும். விடை "இல்லை" என்று வரும்போது கீ ஏற்கெனவே விழுங்கப்பட்டிருக்கும். வாசலில் நிறுத்த வேண்டிய ஆளைக் கூடத்துக்குள் விட்டுவிட்டு விசாரிப்பது மாதிரி.

இது தெரிந்ததும் அடுத்த ஒட்டு: எல்ஸ் போட்டு, "இல்லையென்றால் எஃப்5-ஐ நீயே அனுப்பு" என்று ஒரு சென்ட் (கீயை அனுப்பும் கட்டளை). இங்கே தொல்லை இரட்டிப்பாகிறது. ஸ்கிரிப்ட் அனுப்பும் எஃப்5 திரும்ப அதே ஷார்ட்கட்டைக் கிளப்பலாம். 2,000 மில்லிசெகண்டுக்குள் 70 முறையைத் தாண்டினால் ஆட்டோஹாட்கீ எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டி நிற்கும். கீ பெயருக்கு முன்னால் டாலர் குறி போட்டால் சுழற்சி நிற்கும், ஆனால் அழுத்திப் பிடிக்கும் கீகள் கெட்டுப்போகும். சென்ட் ஒவ்வொரு முறையும் கீயை அழுத்தி உடனே விட்டுவிடுகிறது. பேசும்போது ஒரு கீயைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய குரல் அரட்டைச் செயலியில் உங்கள் பேச்சு துண்டு துண்டாகப் போகும்.

சிலர் கீ பெயருக்கு முன்னால் டில்டே குறியை (~) போட்டு, கீயை அப்படியே கடத்திவிடப் பார்ப்பார்கள். வெளியே நிம்மதி, உள்ளே புதுத் தலைவலி: உங்கள் விண்டோவிலும் கீயின் இயல்பான வேலை சேர்ந்தே நடக்கும். டெலீட் அழுத்தினால் பட்டியலில் வரி அழியும், கூடவே கர்சர் நிற்கும் பெட்டியில் எழுத்தும் அழியும்.

செய்ய வேண்டியது ஒன்றே. நிபந்தனையை ஷார்ட்கட்டுக்கு மேலே, அதற்கு வெளியே வையுங்கள். பதிப்பு 2-ல் ஹேஷ் குறியுடன் (#) ஹாட்இஃப் என்று தொடங்கி, அதே வரியில் அந்த விண்டோ ஆக்டிவா என்று கேட்கும் வின்ஆக்டிவ் நிபந்தனை. பதிப்பு 1.1-ல் ஹேஷ்-இஃப்வின்ஆக்டிவ், அல்லது எக்ஸ்பிரஷன் வேண்டுமென்றால் ஹேஷ்-இஃப். இப்படி எழுதினால் நிபந்தனை பொய்யாகும்போது ஷார்ட்கட்டே இல்லாத மாதிரி கீ நேராக அடுத்த செயலிக்குப் போய்விடும். சோதிக்க நோட்பேடைத் திறந்து எஃப்5 அழுத்துங்கள். தேதி விழுந்தால் சரி.

விண்டோ தலைப்பை நம்புவது

தலைப்பை ஒப்பிடும் முறை பதிப்புக்குப் பதிப்பு வேறு. 1.1-ல் தலைப்பு அந்தச் சொல்லில் தொடங்கினால் போதும். 2-ல் எங்கே இருந்தாலும் போதும். உங்கள் விண்டோவின் பெயர் "பில்" என்றால், "பில்" என்ற பெயரில் நோட்பேடில் திறந்திருக்கும் கோப்பும் பொருந்திவிடும். அதே சொல் தலைப்பில் உள்ள பிரவுசர் டேபும் பொருந்திவிடும்.

எண்ணை வைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு விண்டோவுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண், அதாவது ஹேண்டில், அந்த நேரத்தில் வேறு எந்த விண்டோவுக்கும் இருக்காது. பதிப்பு 2-ல் கூயி ஆப்ஜெக்டின் (ஸ்கிரிப்டில் உங்கள் விண்டோவைக் குறிப்பது) ஹெச்வின்ட் பண்பில் அது கிடைக்கும். ஒரு வேரியபிளில் எடுத்து வைத்து, "எண்ணை வைத்துத் தேடு" என்று சொல்லும் ஏஎச்கே_ஐடியோடு சேர்த்து வின்ஆக்டிவுக்குக் கொடுங்கள். அந்த வேரியபிளுக்கு ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே 0 கொடுத்துவிட்டு, "எண் இருக்கிறதா, அந்த விண்டோ ஆக்டிவா" என்று இரண்டையும் கேளுங்கள். விண்டோவை டெஸ்ட்ராய் செய்தால் மறுபடி 0 ஆக்குங்கள்.

1.1-ல் இஃப்வின்ஆக்டிவ் வரிக்குள் வேரியபிள் எடுபடாது. எண்ணைக் கொடுக்க ஹேஷ்-இஃப் வேண்டும், இல்லாவிட்டால் விண்டோக்களைக் குழுவாக்கும் குரூப்ஆட்.

ஏஎச்கே_கிளாஸை வைத்து அடக்குவது

ஆட்டோஹாட்கீயில் செய்த எல்லா விண்டோவுக்கும் ஒரே கிளாஸ் பெயர், அதாவது வகைப் பெயர். வேண்டாம்.

கீழே மூடாமல் விடுவது

ஹாட்இஃப் என்பது ஓடும் கட்டளை இல்லை. எழுதிய இடம்தான் கணக்கு. அதற்குக் கீழே உள்ள ஷார்ட்கட்கள் அத்தனையும், அடுத்த ஹாட்இஃப் வரும்வரை, அந்த நிபந்தனைக்குள் அடங்கும். இஃப் பிளாக்கின் அடைப்புக்குறிக்குள் வைத்தாலும் எல்லை மாறாது. நிபந்தனை இல்லாத வெறும் ஹாட்இஃப் ஒன்றைக் கடைசியில் போடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கீழே சேர்க்கும் பொது ஷார்ட்கட் ஏன் செத்துக் கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்காது.

டெலீட் கீ

விண்டோ ஆக்டிவ் என்பது மட்டும் போதாத இடம். ஒரே விண்டோவில் பட்டியலும் எழுதும் பெட்டியும் இருந்தால், பெட்டியில் ஒரு எழுத்தை அழிக்கப் போனவர் பட்டியலில் ஒரு வரியையே இழப்பார். பதிப்பு 2-ல் கூயி ஆப்ஜெக்டின் ஃபோகஸ்ட்கன்ட்ரோல் பண்பு இப்போது எந்தக் கன்ட்ரோலில் ஃபோகஸ் இருக்கிறது என்று சொல்லும் (பண்பின் பெயரில் கடைசிச் சொல் சிடிஆர்எல் என்று சுருங்கியிருக்கும்). அது பட்டியலா என்பதையும் நிபந்தனையில் சேருங்கள். அம்புக்குறிகள், ஸ்பேஸ், கன்ட்ரோல்-ஏ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

எஸ்கேப், என்டர்

ஷார்ட்கட்டே தேவையில்லை. எஸ்கேப்புக்கு விண்டோவுக்கென்றே ஈவென்ட் உண்டு, என்டருக்கு டிஃபால்ட் பட்டன்.

மெசேஜ் பாக்ஸ்

அது தனி விண்டோ, தனி எண். அது ஆக்டிவாக இருக்கும்போது உங்கள் ஷார்ட்கட் வேலை செய்யாது. பெரும்பாலும் அதுவே நல்லது. அங்கும் வேண்டும் என்றால் ஸ்கிரிப்டின் பிராசஸ் எண்ணை ஏஎச்கே_பிஐடியில் கொடுங்கள். பதிப்பு 2-ல் பிராசஸ்எக்ஸிஸ்ட் ஃபங்ஷனை வெறுமனே அழைத்தால் அந்த எண் வரும்.

ஓடும்போது சேர்க்கும் ஷார்ட்கட்

ஹாட்கீ ஃபங்ஷன் மூலம் சேர்ப்பவர்களுக்கு மேலே சொன்ன ஹேஷ் வரி உதவாது. ஹேஷ் இல்லாத ஹாட்இஃப்வின்ஆக்டிவை அழைத்த பிறகு சேர்க்க வேண்டும். முடிந்ததும் அதையே வெறுமனே அழைத்து நீக்குங்கள். பின்னால் அந்த ஷார்ட்கட்டை அணைக்கும்போதும் முதலில் அதே நிபந்தனையை வைத்தாக வேண்டும், ஏனென்றால் நிபந்தனை மாறினால் ஆட்டோஹாட்கீயின் கணக்கில் அது வேறு ஷார்ட்கட்.

நிபந்தனைக்குள் கனமான வேலை

அந்தக் கீயை எந்தச் செயலியில் அழுத்தினாலும் நிபந்தனை ஒருமுறை ஓடுகிறது. அதற்குள் கோப்பைப் படிப்பது, ஸ்லீப் போடுவது எல்லாம் வைத்தால் வேர்டில் தட்டும்போதும் கீ திக்கும். 1,000 மில்லிசெகண்டுக்குள் விடை வராவிட்டால் ஆட்டோஹாட்கீ அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும்; அப்புறம் உங்கள் விண்டோவிலேயே ஷார்ட்கட் ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது.