இரும்பு அலுமாரிக்குத் தேக்கு வரி போடலாம், வாருங்கள்

திருகோணமலையில் கடற்கரையை அண்டிக் குடியிருப்பவர்கள் வீட்டில் பழைய இரும்பு அலுமாரி இருந்தால், குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயின்ற் கொப்பளித்து, தட்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உப்புக்காற்று செய்கிற வேலை அது. எங்கள் வீடு உப்புவெளியில். அம்மாவின் அலுமாரி இப்படித்தான் கிடந்தது. தகடு நல்ல கனம், பூட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. துருவை எடுத்துவிட்டு, தேக்கு மரம்போல வரி போட்டு மீட்டெடுத்தேன். அதை நான் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். பெயின்ற் பிரஷைப் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம்.

ஆனால் முதல்தடவை எனக்குச் சரிவரவில்லை. கதவு முழுக்க மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக வரி இழுத்தேன். ஒவ்வொரு வரியும் அழகாகத்தான் விழுந்தது. தள்ளி நின்று பார்த்தால் மரமாகத் தெரியவில்லை, மரப்படம் போட்ட கடதாசி ஒட்டியதுபோல இருந்தது. பக்கத்து வீட்டு ஓடாவி ஐயா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆறடி உயரம் மூன்றடி அகலத்தில ஒற்றைப் பலகை எந்த மரத்தில எடுக்கிறது?" என்று கேட்டார். பிறகு தன் வீட்டுக் கதவைக் காட்டினார். இரண்டு பக்கமும் நெட்டுச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்குள் பலகை. நெட்டுச் சட்டத்தில் வரி நெட்டாக ஓடுகிறது, குறுக்குச் சட்டத்தில் குறுக்காக ஓடுகிறது. பெயின்ற் டின்னைத் திறப்பதற்கு முன் இதைப் பார்த்துப் பழகுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு மரக்கதவு இருக்கும். அதில் எந்தத் துண்டு எங்கே முடிகிறது, வரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். வரி எவ்வளவு திறமாக விழுந்தாலும், பொருத்து பிழைத்தால் கண் நம்பாது.

எங்கள் பக்கத்துக் கதவுகளில் முதிரையும் நிறைய உண்டு. முதிரையின் பொன்மினுக்கம் எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் வரி நாடா நாடாவாக ஒளி மாறி மாறி ஓடும், பழகிய கைக்கே அது கடினம். தேக்கில் வரி தெளிவாக நிற்கும். முதல் வேலைக்குத் தேக்கே போதும்.

வாங்க வேண்டியவை

இரண்டு கதவு வைத்த ஆறடி அலுமாரியின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 40 சதுர அடி வரும். அதற்கு ரெட் ஒக்சைட் பிரைமர் 1 லீற்றர், அடிநிற எனாமல் 1 லீற்றர், கடும் கபில நிற எனாமலில் மிகச் சிறிய டின் ஒன்று, நிறமில்லாத எண்ணெய் வார்னிஷ் 1 லீற்றர் போதும். அதோடு ஒரு போத்தல் டர்பன்டைன், கால் லீற்றர் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மாஸ்கிங் டேப், 120, 240, 400 இலக்க அரத்தாள், பழைய பருத்திச் சாரம் இரண்டு.

வரி போடும் ரப்பர் ஒன்றும் வேண்டும். கைப்பிடியில் வளைந்த ரப்பர் பூட்டி, அதில் அரைவட்டம் அரைவட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். ஹாட்வெயார் கடையில் இல்லாவிட்டால் இணையத்தில் வாங்கலாம். நேர்வரிக்குச் சீப்பு வாங்கத் தேவையில்லை. காலாவதியான வங்கி அட்டையின் ஒரு ஓரத்தில் கத்தரியால் பல் வெட்டுங்கள். பற்கள் ஒரே அளவாக இருக்கக் கூடாது, மரத்தில் வரிகள் ஒரே இடைவெளியில் ஓடுவதில்லை.

துருவும் பிரைமரும்

அலுமாரியை முதலில் நன்னீரால் கழுவுங்கள். உப்புப் படிவு இருக்கும்போதே பெயின்ற் அடித்தால் அடியிலிருந்து துரு திரும்பக் கிளம்பும். கைப்பிடிகளைக் கழற்றிவிடுங்கள். கம்பிப் பிரஷால் துருவைச் சுரண்டி, 120 அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. முகக்கவசமும் போடுங்கள், சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். தேய்த்து முடிந்ததும் துடைத்து வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ஓரிரவு விட்டாலே இந்தக் காற்றில் செந்துரு பூத்துவிடும்.

பலகைத்தூளை அழுத்திச் செய்த மலிவு அலுமாரி என்றால் மரத்துக்கான பிரைமர் வேண்டும், அதைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

அடிநிறம்

தேக்கில் ஆக வெளிறிய இடம் எந்த நிறமோ அதுதான் அடிநிறம். பால் தூக்கலாக விட்ட தேநீரின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இங்கே கடும்நிறத்தைத் தெரிந்தெடுத்து, பிறகு வரியே தெரியவில்லை என்று கவலைப்படுவார்கள். இரண்டு பூச்சு, நடுவில் ஒருநாள் இடைவெளி. இரண்டாவது பூச்சு காய்ந்தபின் 400 அரத்தாளால் மெதுவாகத் தடவிவிடுங்கள். பிரஷ் தடம் தடித்து நின்றால் வரி ரப்பர் அதில் தட்டும்.

சட்டம் பிரித்தல்

பென்சிலும் அடிமட்டமும் எடுத்து, ஒவ்வொரு கதவிலும் ஓடாவி செய்வதுபோலச் சட்டம் வரையுங்கள். இரண்டு ஓரத்திலும் 3 அங்குல நெட்டுச் சட்டம், மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டம், மிச்சம் பலகை. நெட்டுச் சட்டம் உச்சியிலிருந்து அடிவரை முறியாமல் ஓடவேண்டும். குறுக்குச் சட்டம் அதில் வந்து முட்டி நிற்கவேண்டும். முதல்நாள் பலகைகள், மறுநாள் குறுக்குச் சட்டம், மூன்றாம் நாள் நெட்டுச் சட்டம். ஒவ்வொரு நாளும் பக்கத்துப் பகுதியை டேப்பால் மறையுங்கள். முதல்நாள் போட்டது காயாமல் அதன்மேல் டேப் ஒட்டினால் உரிந்துகொண்டு வரும், பொறுமை வேண்டும்.

வரிச்சாயம்

டர்பன்டைன் 2 பங்கு, ஆளிவிதை எண்ணெய் 1 பங்கு, வார்னிஷ் 1 பங்கு, கபில எனாமல் 1 பங்கு. கலக்கினால் சாயம் கூடின பிளேன்ரீபோல, அடிநிறம் ஊடாகத் தெரியும் பதத்தில் இருக்கவேண்டும். முதலில் பிஸ்கட் டின் மூடி ஒன்றுக்கு அடிநிறம் பூசி, அதில் சோதியுங்கள். இழுத்த வரிகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்தால் டர்பன்டைன் கூடிவிட்டது, கொஞ்சம் வார்னிஷ் விடுங்கள். பத்து மூடி பழகினாலும் வீணில்லை. பிடிக்காததை டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப இழுக்கலாம்.

நேரமும் முக்கியம். கச்சான் வீசுகிற மாதங்களில் மத்தியானத்தில் தொடங்கினால், பூசி முடிக்கும் முன்பே சாயம் இறுகி ரப்பர் இழுபடாது. விடியப்புறம் ஆறு மணிக்கே தொடங்குங்கள். மார்கழி மாரியில் நேர்மாறு, மூன்று நாளானாலும் பிசுபிசுப்பு விடாது. தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள்.

வரி இழுத்தல்

பலகைக்கு மெல்லியதாகச் சாயம் பூசுங்கள். மரத்தை நெட்டாக அறுக்கும்போது வளர்ச்சி வளையங்கள் பலகையின் நடுவில் கோபுரம் கோபுரமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஓரத்துக்குப் போகப் போக நேர்வரியாகிவிடும். நாமும் அப்படியே செய்யவேண்டும். ரப்பரைப் பலகையின் உச்சியில் நடுவாக வைத்து, நிறுத்தாமல் கீழே இழுங்கள். இழுக்கும்போதே கைப்பிடியை மெல்ல மெல்லச் சாய்த்து வாருங்கள். ரப்பரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய இரண்டடி நீளமாவது எடுக்கவேண்டும். அவசரமாக முன்னும் பின்னும் ஆட்டினால் முட்டை முட்டையாகக் கணுக்கள் விழும். நல்ல தேக்குப் பலகையில் அத்தனை கணு இராது. ஒரு கதவுக்கு ஒன்று போதும், அடுத்த கதவில் அதே உயரத்தில் அது வரக்கூடாது.

ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு ரப்பரைச் சாரத்தில் துடையுங்கள். கோபுரத்தின் இரண்டு பக்கமும் அட்டைச் சீப்பால் நேராக இழுத்து ஓரத்தோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் கழித்து, காய்ந்த பிரஷின் நுனியால் வரி ஓடும் திசையிலேயே பட்டும் படாமலும் தடவுங்கள். கூர்மையெல்லாம் மங்கி, சட்டென்று மரமாகிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது. கடைசியாக அதே பிரஷைப் படுக்கவைத்து வரியோடு மெல்ல அடித்தால், தேக்கின் நுண்துளைகள்போலச் சிறு கீறல்கள் விழும்.

சட்டங்களுக்கு ரப்பர் தேவையில்லை, சீப்பும் பிரஷும் மட்டும். எல்லாம் காய்ந்தபின் சட்டங்கள் முட்டும் இடத்தில் கூரான கபிலப் பென்சிலால் மயிரிழைக் கோடு ஒன்று இழுங்கள். பொருத்து உண்மையாகத் தெரிவது அந்தக் கோட்டால்தான்.

எண்ணெய்த் துணி கவனம்

ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் சூடு ஏறினால் நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும். துணிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு முற்றத்தில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டே எறியுங்கள். வேலை செய்யும்போது யன்னல் திறந்திருக்கட்டும், காற்று நேரே அலுமாரியில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வார்னிஷ்

இரண்டு மூன்று நாள் காயவிட்டு, நிறமில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு. மினுக்கம் குறைந்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். பளபளப்பு கூடினால் தகட்டின் நெளிவெல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அலுமாரியின் அடிப்பகுதியையும் கால்களையும் விட்டுவிடாதீர்கள், அடுத்த துரு தொடங்குவது அங்கேதான்.

கைப்பிடிகளைப் பூட்டி, கதவைத் திறந்தபடி ஒரு கிழமை விடுங்கள். அதற்கு முன் சேலைகளை அடுக்கினால் டர்பன்டைன் மணம் ஏறிவிடும், பட்டில் ஏறினது இலேசில் போகாது.