ஃப்ரான்ஸ் ஆஸ்டனின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் பழைய படங்களைத் திரையிடுகிறவள் நான். இந்தியாவில் படமெடுத்த ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரான்ஸ் ஆஸ்டனை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: இந்திப் பேசும்படமான 'அச்சூத் கன்யா'வை (1936) கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதில் ஆரம்பித்தால் கவனமெல்லாம் வசனத்திலும் பாட்டிலும் போய்விடும். மியூனிக்கிலிருந்து வந்த இந்த மனிதருக்கோ இந்தி தெரியாது. அவர் கைவண்ணம் பிடிபட வேண்டுமானால் ஊமைப்படம்தான் வழி.

'ஷிராஸ்' (1928) முதலில். தாஜ்மகால் எழுந்ததைப் பற்றிய கற்பனைக் கதை. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள்; அனுஷ்கா ஷங்கர் இசையமைத்தது. ஒருமுறை இசையோடு பார்த்துவிட்டு, யானைக் காலில் இடறச் சொல்லித் தண்டனை விதிக்கும் பகுதியை மட்டும் ஒலியில்லாமல் திரும்பப் போடுங்கள். பதற்றம் எவ்வளவு இசையால், எவ்வளவு படத்தால் என்பது அப்போது தெரியும்.

பிறகு 'பிரேம் சன்யாஸ்' (1925), 'அச்சூத் கன்யா' இரண்டையும் அடுத்தடுத்து. தொடக்கங்களை ஒப்பிடுங்கள், அதுதான் முக்கியம். புத்தர் கதையான முன்னதில் வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள், ஒரு பெரியவர் அவர்களுக்குக் கதை சொல்கிறார். பின்னதில் காரில் வரும் தம்பதி இரவில் ரயில்வே கேட்டருகே நிற்க, அந்த இடத்தின் கதை விரிகிறது. இரண்டிலும் வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் கதை சொல்லப்படுகிறது. ஆஸ்டனே அப்படி வந்தவர் என்பதால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. ஆனால் டைட்டில் கார்டையும் படியுங்கள்: மூன்று படங்களிலும் எழுத்தில் நிரஞ்சன் பால், தயாரிப்பில் ஹிமான்ஷு ராய். பெருமையை ஆஸ்டன் ஒருவருக்கே எழுதிவைக்க முடியாது.

இன்னொன்றையும் திரையிடலுக்கு முன்பே சொல்லிவிடுவேன். தீண்டாமையின் கொடுமையைக் காட்டிய 'அச்சூத் கன்யா' வெளியான அதே 1936-இல்தான் ஆஸ்டன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1939-இல் 'கங்கன்' படப்பிடிப்பு நடக்கும்போது போர் மூண்டது. ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனி திரும்பினார். இதை மறைத்து அவரைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

அவருடைய ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் போருக்குப் பின்னும் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ஆகவே கடைசியாக, விர்ஷிங் ஒளிப்பதிவு செய்த 'மஹல்' (1949). இருட்டும் ஊஞ்சலும் வரும் காட்சிகளை விளக்கணைத்துவிட்டுப் பாருங்கள்.