பிழை போச்சு, வார்த்தையும் சேர்ந்து போச்சு: ஆறு, ஏழு, எட்டாவது பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறதுல நாம பண்ற தப்புங்க

பெஞ்சல் புயல் முடிஞ்சு 2024 டிசம்பர்ல டியூஷன் திரும்ப ஆரம்பிச்சப்ப, மழையப் பத்தி பத்து வரி எழுதுங்கடான்னேன். ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன், தென்பெண்ணை ஓரமா வீடு, "எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வெல்லம் புகுந்தது"ன்னு எழுதியிருந்தான். சத்தமா படிச்சு நானே சிரிச்சுட்டேன், நக்கிப் பாத்தியாடான்னு பக்கத்துல ஒருத்தன் கேக்க, எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் அதே பையன் எழுதுனதுல ஒரு பிழை கூட இல்ல. "மழை வந்தது. தண்ணி வந்தது. கஷ்டமாக இருந்தது." அவ்ளோதான். வெள்ளமும் இல்ல, இடுப்பளவும் இல்ல, புகுந்ததும் இல்ல. பரவால்லயே தேறிட்டான்னு நான் குட் வேற போட்டேன், அந்தக் கூத்த எங்க போய் சொல்றது.

நாம பண்ற தப்புல பெருசு இதுதாங்க. செவப்பு மை, கேலி, மார்க் கட்டுன்னு பிழைய மட்டும் துரத்துனா, பையன் பிழைய விடமாட்டான், பிழை வர்ற வார்த்தைய விட்டுடுவான். இப்பல்லாம் கட்டுரைல ரெண்டு பிழைய மட்டும்தான் சுழிக்கிறேன், கஷ்டமான வார்த்தைய தொட்டுப் பாத்திருந்தா அதுக்கு ஒரு டிக் உண்டு, பிழையா இருந்தாலும்.

அப்புறம் இந்த இம்போசிஷன். 'முயற்சி' பத்து தடவ எழுதிட்டு வான்னு அனுப்புறோம்ல, அவன் எழுதறப்ப கிட்ட உக்காந்து பாருங்க. மொதல்ல மு, மு, முன்னு கடைசி வரி வரைக்கும் எறங்குவான், அப்புறம் ய வரிசை, அப்புறம் ற், கோலத்துக்கு புள்ளி வக்கிற மாதிரி. முழு வார்த்தை ஒரு தடவ கூட அவன் மண்டைல ஏறல. மொத வரில 'முயற்ச்சி'ன்னு இருந்துச்சுன்னா பத்தும் முயற்ச்சிதான். அதுக்கு பதிலா ட், ற் ரெண்டுக்கும் பக்கத்துல இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராதுன்னு ஒரு தடவ சொன்னா முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி எல்லாமே ஒண்ணா சரியாயிடும். ஆனா வளர்ச்சில ச் வருதே மிஸ்னு ஒருத்தி கேப்பா, கேக்கணும், அது சின்ன ர், அங்க வரலாம்.

ரெண்டு சுழி ன, மூணு சுழி ணன்னு சுழி எண்ண வக்கிறதும் அப்படித்தான், எழுத்து எப்படி இருக்கும்னு தெரியும், எங்க போடணும்னு தெரியாது. பழைய பேருலயே வழி இருக்கு: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட முன்னாடி ண், ற முன்னாடி ன், த முன்னாடி ந். வண்டி, கன்று, பந்து. 'கன்டேன்' எழுதுற பையன் அதுக்கப்புறம் தானே திருத்திக்கிறான். மனம், மணம் மாதிரி தனியா வர்ற எடத்துக்கு இது உதவாது, அங்க அர்த்தத்தோட சேத்துதான் ஞாபகம் வச்சாகணும்.

டிக்டேஷன் சொல்றப்ப மட்டும் நாக்க மடிச்சு "வெள்ள்ளம்"னு அழுத்தி சொல்றதும் ஏமாத்துதான். மத்த நேரம் பண்ருட்டி பலாப்பழத்த நாமளே பலாப்பளம்னுதான் சொல்றோம், தனியா எழுதறப்ப அவன் காதுல யாரு வந்து அழுத்தி சொல்லுவா?

பாட வார்த்தைங்க வேற கதை. நாம டெஃபனிஷன மனப்பாடம் பண்ண வச்சுட்டு நகந்துடுறோம். 'ஒலிச்சேர்க்கை'ன்னு ஒரு பொண்ணு எழுதிட்டு அதுக்கு கீழ டெஃபனிஷன வரி மாறாம எழுதியிருந்தா. வார்த்தைய பிரிச்சுக் காட்டல, அதான் பிரச்சினை. எதிரொலி, ஒலிபெருக்கி, இதெல்லாம் காதுக்கு. ஒளி, ஒளிர்தல், ஒளிச்சேர்க்கை கண்ணுக்குன்னு கூட்டமா எழுதிப் போட்டா ல, ள குழப்பமும் போகுது, அர்த்தமும் நிக்குது. நுண் கூட்டல் உயிரி, நுண்ணுயிரி. பிரிச்சா ஸ்பெல்லிங் தானா வருது.

புது வார்த்தைய விட தெரிஞ்ச வார்த்தைதான் அதிகமா காலை வாரும். துறைமுகத்துல மீன் வாங்குனா எடை ரெண்டு கிலோன்னுதான சொல்றோம், சயின்ஸ்ல அது எடை இல்ல, நிறை, அதாவது மீன்ல எவ்ளோ பொருள் இருக்குங்கிற அளவு. எடைன்னா பூமி இழுக்குற விசை, ரெண்டு கிலோ மீனுக்கு சுமார் 19.6 நியூட்டன், நிலாவுக்கு தூக்கிட்டுப் போனா மீன் அதே மீன்தான், எடை ஆறுல ஒரு பங்கு ஆயிடும். வேலைங்கிற வார்த்தையும் இப்படித்தான், செவுத்த நாள் பூரா தள்ளுனாலும் அது நகரலன்னா இயற்பியல்ல வேலை பூஜ்யம். வீட்டு அர்த்தம் இது, பாட அர்த்தம் இதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்லாம விட்டா பையன் வீட்டு அர்த்தத்தத்தான் எழுதுவான்.

பாண்டில கவர்மெண்ட் ஸ்கூல் எல்லாம் சிபிஎஸ்இக்கு மாறிட்டதால அங்கருந்து வர்ற பசங்களுக்கு டென்சிட்டின்னு மட்டும்தான் தெரியும், அப்படின்னா என்னடான்னா முழிப்பான். தமிழ்ல சொன்னா இங்கிலீஷ் வராதுன்னு சில பேர் தடுக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அடர்த்தியான கூந்தல்னு எண்ணெய் விளம்பரத்துல டெய்லி கேக்குறான், அடர்த்தின்னு சொன்ன ஒடனே நெருக்கமா அடைஞ்சிருக்குறதுன்னு பாதி புரிஞ்சுடுது, மிச்சத்த டென்சிட்டியோட கட்டிடலாம்.

கடைசியா கேள்வில வர்ற வார்த்தைங்க, இத யாருமே தனியா சொல்லிக்குடுக்குறதில்ல. விவரி, ஒப்பிடு, காரணம் கூறு, வேறுபடுத்துக. போன அரையாண்டுல ஒருத்தன் "நிறை, எடை வேறுபடுத்துக"ங்கிற கேள்விய அப்படியே வெறுமனே விட்டுட்டு வந்துட்டான். மீன், நிலா, நியூட்டன் எல்லாம் முந்தின நாள்தான் எங்கிட்ட ஒப்பிச்சான். ஏன்டா விட்டன்னு கேட்டா, "வித்தியாசம் எழுதுன்னு கேட்டிருந்தா எழுதியிருப்பேன்ல மிஸ்"ங்கிறான்.