தேவப்பிரயாகை செல்வோர் கவனத்துக்கு

உத்தராகண்டில், ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைப்பாதையில் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள தேவப்பிரயாகையில்தான் பாகீரதியும் அளகநந்தாவும் கலந்து, அவ்விடத்திலிருந்து கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. பெரியாழ்வார் ‘கண்டமென்னும் கடிநகர்’ என்று பாடிய திவ்யதேசம் இதுவே. ஆயினும் பலர் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகின்றனர்.

சங்கமத்துக்குச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலியுள்ளோர் கைத்தடி கொண்டுசெல்வது நல்லது. நீரோட்டம் மிக வேகமானது என்பதாலும், பாகீரதியின் மேற்பகுதியில் தெகிரி அணை இருப்பதால் உள்ளூரில் மழையே இல்லாதபோதும் நீர்மட்டம் உயரக்கூடும் என்பதாலும், நீந்தத் தெரிந்தவர்களும் படித்துறையிலுள்ள இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே நீராட வேண்டும். மழைக்காலத்தில் நிலச்சரிவால் சாலை அடைபடுவதுண்டு. எனவே ஒரு நாளையேனும் உபரியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.