ஆட்சி மாறினால் திருநர் உரிமை என்ன ஆகும்: செட்டிநாட்டு வாக்காளருக்கு ஒரு செயல்முறைக் கையேடு

தேர்தல் நெருங்கினால் காரைக்குடி டீக்கடையிலும் தேவகோட்டை பேருந்து நிலையத்திலும் ஒரே பேச்சு, யார் வருவார் என்பது. திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அதைவிட அவசரமான கேள்வி, வருகிறவரால் எதை மாற்ற முடியும் என்பது. அதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிடலாம். ஒவ்வொரு உரிமையும் யாரோ ஒருவருடைய கையெழுத்தில் நிற்கிறது. அந்தக் கையெழுத்து யாருடையது, அதை அழிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்துவிட்டால் எந்தத் தேர்தலுக்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் கையெழுத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் நீங்கள் அனுபவிக்கும் உரிமைகளையும் சலுகைகளையும் எழுதுங்கள். அடையாளச் சான்றிதழ், வாரிய அட்டை, மாத உதவித்தொகை, நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், அரசு மருத்துவமனை சிகிச்சை, கடவுச்சீட்டில் பாலினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு இருப்பதிலேயே உறுதியான தளம். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை அது அரசமைப்பின் அடிப்படை உரிமைகளோடு சேர்த்துக் கட்டியது. தேர்தல் முடிவு மட்டும் அதை அசைத்துவிடாது. ஆனால் அந்தத் தீர்ப்பை நடைமுறையில் குறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவர முடியும். அதை எதிர்த்து வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதுவரை அலைவது நீங்கள்தான்.

அடுத்த தளம் சட்டம். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இதைத் திருத்த இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும், அரசமைப்புத் திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. அதற்குக் கீழே விதிகள். இவற்றை அமைச்சகமே அறிவிக்கையாக வெளியிடுகிறது. மாநிலத்தில் அரசாணை. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த நல வாரியம், 2021-இல் வந்த பேருந்துச் சலுகை எல்லாம் அரசின் ஆணையால் வந்தவை. ஓர் ஆணை தந்ததை இன்னோர் ஆணை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசித் தளம் நிதி ஒதுக்கீடு. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஒரு திட்டத்தை ஒழிக்க யாரும் அறிவிப்பு விட வேண்டியதில்லை. பணம் விடாமல் இருந்தால் போதும், வாரியத்துக்கு உறுப்பினர் நியமிக்காமல் இருந்தால் போதும். பெயர்ப் பலகை தொங்கும், செய்தித்தாளில் ஒரு வரி வராது, உதவித்தொகை மட்டும் வந்து சேராது. ஆட்சி மாற்றத்தில் முதலில் உலர்வது இதுதான் என்பதால், உங்கள் தாளில் இந்தத் தளத்தில் நிற்பவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

எந்தத் தேர்தல் எதைத் தொடும்

ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பிரித்துத் தரும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையை ஒருமுறை புரட்டினால் பாதிக் குழப்பம் தீரும். காவல்துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியல். திருமணம், வாரிசுரிமை, கல்வி பொதுப் பட்டியல். வெளியுறவு, ஒப்பந்தங்கள், கடவுச்சீட்டு, விசா முழுக்க ஒன்றியப் பட்டியல். ஆகவே காவலர் இரவில் தொந்தரவு செய்வதைப் பற்றி நாடாளுமன்ற வேட்பாளரிடம் முறையிடுவதும், கடவுச்சீட்டைப் பற்றி சட்டமன்ற வேட்பாளரிடம் வாக்குறுதி வாங்குவதும் வீண் வேலை. பொதுக் கழிப்பறை, தெருவிளக்கு, மயானம் ஆகியவை உள்ளாட்சியின் கையில். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது, அங்கே கேட்க வேண்டியது வார்டு உறுப்பினரை.

ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்ற உறுப்பினர்கள். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடங்கள். 2015 ஏப்ரல் 24 அன்று திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் திருச்சி சிவா. மக்களவையில் அது நிறைவேறவில்லை. காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் தொகுதிகளில் நீங்கள் போடும் சட்டமன்ற வாக்கு இப்படிச் சுற்றிப் போய் டெல்லிச் சட்டத்தையும் தொடுகிறது.

வெளிநாட்டுத் தேர்தல் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது

கடல் கடந்த ஆட்சி மாற்றம் வீட்டு வாசலுக்கு வரும் என்பதைச் செட்டிநாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததும், 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அங்கே தொழிலும் நிலமும் வைத்திருந்த இங்குள்ள குடும்பங்களின் கணக்குப் பேரேட்டையே மாற்றின. இன்று அதே வழி மூன்று வாசல்களில் திறக்கிறது.

முதல் வாசல் பணம். அமெரிக்காவில் 2024 நவம்பர் தேர்தலில் வென்ற டிரம்ப், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த மாதமே ஐதராபாத், கல்யாண், புனே ஆகிய இடங்களில் திருநருக்காக நடந்துவந்த மித்ர் மருத்துவ மையங்கள் மூடப்பட்டன. அவை அமெரிக்க அரசின் உதவியில் நடந்தவை. இதில் கற்க வேண்டியது: நீங்கள் போகும் மையத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று இன்றே கேளுங்கள். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். மையம் திடீரென்று பூட்டினால் கோப்பும் உள்ளே பூட்டிக்கொள்ளும். மாற்று வழியாக மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் திருநருக்கான சிறப்புப் பிரிவு இருக்கிறது. அது மாநில அரசின் பணத்தில் நடப்பது, அதனால் அதைக் காப்பதும் கைவிடுவதும் சட்டமன்றத் தேர்தலின் கணக்கு.

நம் பக்கத்துச் சட்டமும் இதே வாசலில் நிற்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நன்கொடை பெறும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தருவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய அமைப்பின் கீழ் சிறு தொகை வாங்கி நடந்த ஊர்க்குழுக்கள் இதில் திணறின. நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

இரண்டாம் வாசல் பயணம். டிரம்ப் பதவியேற்ற அதே நாளில் வந்த இன்னோர் ஆணை, அமெரிக்க ஒன்றிய அரசின் ஆவணங்களில் ஆண், பெண் இரண்டு மட்டுமே, அதுவும் பிறப்பின்படி என்றது. ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராதவருக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டில் ‘எக்ஸ்’ குறி வழங்குவது நின்றது. 2025 நவம்பர் 6 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் வழக்கு முடியும்வரை இந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்த அனுமதித்தது. இந்தியக் கடவுச்சீட்டில் ஆண், பெண், திருநர் என மூன்று வகை உண்டு. திருநர் என்று கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்க விசா படிவத்தை ஏஜெண்டிடம் கொடுத்து நிரப்பச் சொல்வது இப்போது ஆபத்து. திருநர் விளையாட்டு வீரர்கள் குறித்து 2025 பிப்ரவரியில் தூதரகங்களுக்குப் போன அறிவுறுத்தல், பாலினத்தைத் தவறாகக் காட்டியதாகக் கருதினால் நிரந்தரத் தடை வரை பேசியது. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

மலேசியாவில் முஸ்லிம்களுக்கான மாநில ஷரியா சட்டங்கள், ஆணாகப் பிறந்தவர் பெண்ணின் உடையை அணிவதைக் குற்றமாக்குகின்றன. வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கும் நிலைமை கடினம். சிங்கப்பூர் 1973 முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடையாள அட்டையில் பாலினம் மாற்ற அனுமதிக்கிறது. உறவினர் அழைக்கிறார் என்பதற்காக டிக்கெட் போடாதீர்கள், முதலில் அந்நாட்டு விதியைப் பாருங்கள்.

மூன்றாம் வாசல் உலக மன்றங்களில் நம் நாடு போடும் வாக்கு. பாலின அடையாளம் குறித்த தனி நிபுணரை நியமிக்க 2016-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2019-இல் அந்தப் பொறுப்பை நீட்டித்தபோதும் அதையே செய்தது. ஒரு கட்சியின் வெளியுறவு நிலையை மேடைப் பேச்சில் தேடாதீர்கள், வாக்குப் பதிவில் தேடுங்கள்.

வாக்கு எண்ணும் முன் முடிக்க வேண்டிய ஆவணங்கள்

இருக்கும் விதி சாதகமாக இருக்கும்போதே சான்றிதழைக் கையில் வாங்கிவிடுவதுதான் நல்லது. வரிசை முக்கியம். அடையாளச் சான்றிதழ் முதலில், பிறகு ஆதார், அதன் பின் பான், வாக்காளர் அட்டை, வங்கி, கடைசியில் கடவுச்சீட்டு. வரிசை மாறினால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும்.

அடையாளச் சான்றிதழுக்கு ஒன்றிய அரசின் தேசியத் திருநர் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 2020 விதிகள் மருத்துவப் பரிசோதனை இல்லாமல், பிரமாணப் பத்திரத்தின் பேரில், 30 நாளுக்குள் வழங்கச் சொன்னவை. மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. சட்டமும் விதியும் மாறக்கூடியவை என்பதால் பழைய நகலை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் படிவத்தையே எடுங்கள். மாநில வாரிய அட்டை வேறு, இந்தச் சான்றிதழ் வேறு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

செட்டிநாட்டில் விண்ணப்பம் தடுமாறும் இடம் முகவரி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். இராயவரமும் திருமயமும் புதுக்கோட்டை மாவட்டம். ஆதாரில் பெற்றோர் வீட்டு முகவரி ஒரு மாவட்டத்திலும் நீங்கள் இருப்பது இன்னொரு மாவட்டத்திலும் என்றால் விண்ணப்பம் திரும்பிவரும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்கார ஆச்சி தயங்கினால், புகைப்படத்தோடு கூடிய வங்கிப் பாஸ்புத்தகத்தில் முதலில் முகவரியை மாற்றிக்கொண்டு அதை வைத்து மேலே போகலாம்.

அடுத்த சிக்கல் முதலெழுத்து. ஆதாரில் ‘எஸ்.’ என்று நிற்கும், கடவுச்சீட்டு அதை ஏற்காது, விரித்தெழுதச் சொல்லும். புதுப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாப் படிவத்திலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். பள்ளிச் சான்றிதழோ பூர்வீக வீட்டில் பங்குப் பத்திரமோ பழைய பெயரில் இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பும் வெளியிடுங்கள். 2019 சட்டத்தில் வாரிசுரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளை பங்காளிகளோடு வழக்கு வந்தால், அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அரசிதழ் கை கொடுக்கும்.

வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேரப் படிவம் 6. திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. பாலினத்தில் மூன்றாம் பாலினம் என்ற வாய்ப்பு உண்டு. உறவினர் பெயர் என்ற கட்டத்தில் தந்தை, தாய், கணவன், மனைவி பெயரோடு, மூன்றாம் பாலினத்தவர் தம் குருவின் (தம்மை ஏற்று வழிநடத்தும் மூத்த திருநங்கையின்) பெயரையும் எழுதலாம் என்று படிவமே சொல்கிறது. வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இது பெரிய வழி, பலருக்குத் தெரியாமலே விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் அப்பா பெயர் கட்டாயம் என்றால் படிவத்தின் அந்த வரியைக் காட்டுங்கள். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் பழைய பட்டியலோடு தொடர்பு காட்டச் சொன்னது. வீட்டோடு தொடர்பு அறுந்தவர்களுக்கு அது சங்கடமான கேள்வி. பெயர் இருக்கிறதா என்று 1950 எண்ணில் விசாரியுங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், பிறகு போட்டால் அடுத்த தேர்தலுக்குத்தான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ, ஆனால் வாக்களிக்க நேரில் வர வேண்டும்.

வேட்பாளரிடம் எப்படிக் கேட்பது

“எங்களுக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டால் “எல்லாம் செய்வோம்” என்ற பதில்தான் வரும். கேள்வியிலேயே தளத்தை வையுங்கள். சட்டமன்ற வேட்பாளரிடம்: “ஐயா, 2015-இல் எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். கர்நாடகா 2021-இல் எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் ஒரு சதவீதம் கிடைமட்ட ஒதுக்கீடு கொடுத்தது. அதற்கு இங்கே அரசாணை கொண்டுவருவீர்களா?” நாடாளுமன்ற வேட்பாளரிடம்: 2019 சட்டத்தில் எந்தப் பிரிவைத் திருத்துவீர்கள், திருமணமும் வாரிசுரிமையும் அதில் வருமா? திருநங்கையின் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின்படி செல்லும் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019-இல் சொன்னதைக் குறிப்பிட்டால் பேச்சு நழுவாது. அவர்கள் சொல்லும் பதிலை அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

முடிவு வந்த பிறகு பதவியேற்பு விழாவைவிட நிதிநிலை அறிக்கையைப் பாருங்கள். மானியக் கோரிக்கையின்போது சமூக நலத் துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில் திருநர் பகுதியைப் பிரித்து, சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள். தொகை குறைந்திருந்தாலோ வரியே காணாமல் போயிருந்தாலோ, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். எத்தனை விண்ணப்பம் வந்தது, 30 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது, வாரியம் கடைசியாகக் கூடிய தேதி என்ன என்ற மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.