சிதறல் கதிரை அடக்குவது எப்படி? இடுப்பு முள்ளந்தண்டு எக்ஸ்றே வழியாக ஒரு செய்முறை

படம் சாம்பல் பூத்தது போல் மங்கி வந்தால், புதிதாகப் பயில்பவர்கள் முதலில் கை வைப்பது கதிரின் ஊடுருவும் வலுவை மாற்றும் கிலோவோல்ட்டில்தான். பெரும்பாலும் குற்றம் கொலிமேட்டரில், அதாவது கதிர்படும் பரப்பை ஒளிச்சதுரமாகக் காட்டி, அதைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் பகுதியில் இருக்கிறது. தேவைக்கு மேல் அகலத் திறந்திருப்பார்கள். கொழும்பில் ரேடியோகிராபி படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அடிக்கடி எடுக்க வேண்டிவரும் இடுப்பு முள்ளந்தண்டுப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

படத்தை இப்படி மங்கவைக்கும் சிதறல் கதிர் பெரும்பாலும் பிறப்பது நோயாளியின் உடலுக்குள். எக்ஸ்றே கதிரின் துகள்களான போட்டன்கள் திசுக்களிலுள்ள இலத்திரன்களில் மோதித் திசை மாறுகின்றன. இதுவே கொம்ப்டன் சிதறல். உடலின் தடிப்பும் கதிர்படும் பரப்பும் கூடக்கூட அதுவும் கூடும். தடிப்பை நாம் அதிகம் மாற்ற முடியாது. பரப்பு நம் கையில் இருக்கிறது.

படி 1: ஒளியை ஒடுக்குங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லுங்கள். எக்ஸ்றே குழாயை டிடெக்டரிலிருந்து (படத்தைப் பதியும் தட்டு) 100 செ.மீ. தூரத்தில் வைத்து, கீழ் விலா விளிம்பின் மட்டத்தில் நடுக்கோட்டில் மையப்படுத்துங்கள். மதிய வெயில் அறைக்குள் விழுந்தால் ஒளிச்சதுரத்தின் ஓரம் தெரியாது, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். 35 × 43 செ.மீ. முழுவதும் திறந்தால் பரப்பு 1,505 சதுர செ.மீ. அகலத்தை 20 செ.மீ.க்குக் குறைத்தால் 860. முள்ளந்தண்டின் குறுக்கு முளைகள் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கே வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் அகலத் திறக்கிறார்கள். அதற்கு மருந்து நோயாளியை அசையவிடாமல் வைத்திருப்பது. "அம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள்" என்பதைத் தமிழில் மட்டுமல்ல, சிங்களத்திலும் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள்.

படி 2: கிரிட். 10 செ.மீ.க்கு மேல் தடித்த பகுதிக்குப் பொதுவாகக் கிரிட் வேண்டும். 1913இல் குஸ்தாவ் பக்கி உருவாக்கிய இந்த ஈயக்கீற்றுத் தட்டு, சிதறலை உடலைக் கடந்த பிறகுதான் பிடிக்கிறது. கொலிமேட்டரோ அது உண்டாவதையே குறைக்கிறது. கிரிட் போட்டால் கதிரளவையும் கூட்ட வேண்டும். ஆகவே முதலிடம் கொலிமேட்டருக்கே. குவியக் கிரிட்டை (ஈயக்கீற்றுகள் குழாயை நோக்கிச் சாய்ந்திருக்கும் வகை) தலைகீழாக வைத்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெரியும், இரு பக்கமும் வெளிறிவிடும். குழாயைப் பார்க்க வேண்டிய பக்கம் எதுவென்று அதிலேயே குறித்திருக்கும்.

படி 3: பக்கவாட்டுப் படம். நோயாளியின் முதுகுக்குப் பின்னால் மேசையில் ஓர் ஈய இறப்பர் விரிப்பை வையுங்கள். இந்தச் சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விரிப்பு இல்லாவிட்டால், முதுகுக்கு அப்பால் மேசையில் நேரே விழும் கதிரும் சிதறலும் தானியங்கி எக்ஸ்போஷர் உணரியை ஏமாற்றும். போதிய கதிர் வந்துவிட்டதென்று அது முன்கூட்டியே நிறுத்திவிட, முள்ளென்புகள் புள்ளி புள்ளியாக வரும்.

படி 4: திரையில் வெட்டி ஒப்பேற்றாதீர்கள். டிஜிட்டல் கருவியில் எடுத்த பிறகு ஓரங்களை மறைத்தால் படம் நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் அந்த ஓரங்களுக்குரிய கதிரை நோயாளி ஏற்கெனவே வாங்கிவிட்டார். இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

படி 5: ஒளியும் கதிரும் ஒன்றுகிறதா? நோயாளி இல்லாத நேரத்தில், ஒளிச்சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் நாணயங்களை உட்புறமாக ஒட்டி வைத்து, கதிர்ப்பரப்பைவிடப் பெரிய டிடெக்டரில் குறைந்த அளவில் ஒரு படம் எடுங்கள். ஒளியின் ஓரமும் கதிரின் ஓரமும் 100 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால், பொறுப்பாளரிடம் எழுத்தில் அறிவித்துக் கொலிமேட்டரைத் திருத்தச் சொல்லுங்கள்.