பாலே பள்ளி தேர்ந்தெடுப்பது எப்படி: வினைலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பெருநகரத்தில் பாலே பள்ளிகள் நிறைய இருக்கும். நடுத்தர அளவு நகரத்தில் மூன்றோ நான்கோதான், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குறையும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்தால் போதும். என் மகளுக்கு நான் முதலில் தேர்ந்தெடுத்த பள்ளி சரியாக அமையவில்லை. ஒன்பது மாதம் கழித்து மாற்றினேன். இரண்டாம் முறை தேடும்போது செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. பட்டியல் போடுங்கள்

வேலை நாள் மாலையில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பள்ளிகளை மட்டும் எழுதுங்கள். வாரம் ஒரு வகுப்பு சீக்கிரமே இரண்டாகும், தூரமாக இருந்தால் நின்றுவிடும். நடனக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள். எந்தப் பள்ளியிலிருந்து என்ன வலியோடு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

2. சாதாரண நாளில் ஒரு வகுப்பைப் பாருங்கள்

ஆண்டு விழா வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேடை விளக்கும் உடையும் எல்லாவற்றையும் அழகாக்கிவிடும். வகுப்பு சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி பிளியேயில் (முழங்காலை மடக்கி இறங்குவது) தொடங்கி, தாந்து (காலைத் தரையோடு தேய்த்து நீட்டுவது) போன்ற கால் பயிற்சிகளுக்குப் போய், அப்புறம் கம்பியை விட்டு நடுத்தளத்துக்கு வந்து, பெரிய குதிப்புகளைக் கடைசியில் செய்ய வேண்டும். உடல் சூடாகும் முன்பே குதிக்க வைத்தால் எனக்கு அந்தப் பள்ளி வேண்டாம்.

ஆசிரியர் திருத்துவதைக் கவனியுங்கள். "நன்றாகச் செய்" என்பது திருத்தம் ஆகாது. பாலேயில் கால்களை வெளிப்பக்கம் திருப்புவதை டர்ன்அவுட் என்பார்கள். அது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பல பிள்ளைகள் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பிக்கொள்வார்கள், முழங்கால் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கும். பிளியேயில் முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்காதபோது ஆசிரியர் அருகில் வந்து திருப்பத்தைக் குறைக்கச் சொன்னால், அவரை நம்பலாம்.

வீடியோ எடுப்பதைவிடச் சின்ன நோட்டில் குறிப்பது எனக்குப் பிடிக்கும். போனைத் தூக்கினால் பிள்ளைகள் கேமராவுக்கு ஆடத் தொடங்கிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத் திருத்தம் கிடைத்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

3. தரையைச் சோதியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் பள்ளியில் சாம்பல் நிற வினைல் விரிப்பு பளிச்சென்று இருந்தது. பாலே தரை என்றார்கள், நம்பிவிட்டேன். ஆறாவது மாதத்தில் மகளுக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள் ஓரத்தில் வலி. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே "எந்தத் தரையில் குதிக்கிறாள்?" என்பதுதான். விசாரித்தால், வினைலுக்குக் கீழே நேராகக் கான்கிரீட்.

அந்த விரிப்புக்குப் பேச்சு வழக்கில் மார்லி என்று பெயர். கால் வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. குதித்து இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதற்கும் அடியில் இருக்கும் மரத்தளம். மரச்சட்டங்களோ நுரைத் துண்டுகளோ அதைத் தாங்கி, லேசாக இறங்கி ஏற விடும். இதைத்தான் ஸ்பிரங் ஃப்ளோர் என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பொருள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

சோதிப்பது எளிது. வாசலில் நின்று, ஸ்டுடியோ தளம் வெளித்தளத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டும்போதே பள்ளம் விட்டுக் கட்டியிருந்தால் உயரம் தெரியாது, அதனால் இது மட்டும் போதாது. அப்புறம் காலணியைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் எழுந்து, குதிகாலைத் தொப்பென்று போடுங்கள். கான்கிரீட்டில் அதிர்வு கால் எலும்பு வரை ஏறும். ஸ்பிரங் தளத்தில் உள்ளே காலியிடம் இருப்பதுபோல 'தொம்' என்று கேட்கும். கூட வந்தவரைப் பக்கத்தில் குதிக்கச் சொன்னால் உங்கள் காலடியிலும் தளம் அசைவது தெரியும். கடைசியாக நேரடியாகக் கேளுங்கள்: "வினைலுக்குக் கீழே என்ன இருக்கிறது?" தரையைப் பற்றிக் கவலைப்படும் ஆசிரியர் உடனே விவரம் சொல்வார்.

வாடகை மண்டபத்தில் வகுப்பு நடந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். உள்ளரங்க விளையாட்டுக்கான மரத்தளம் பெரும்பாலும் ஓரளவு நெகிழ்வானதுதான். கான்கிரீட்மேல் விரித்த நுரைப் பாய்களை மாற்றாக ஏற்காதீர்கள். அவை மெத்தென்று அமுங்கும், சுழலும்போது பாதம் மாட்டிக்கொண்டு கணுக்கால் பிசகும்.

4. ஆசிரியரின் தகுதி

பாலே தேர்வுகள் நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் 1920இல் லண்டனில் தொடங்கியது. அதன் பாடத்திட்டத்தில் தேர்வு நடத்துபவர் வெளியிலிருந்து வருவார். பதிவு பெற்ற ஆசிரியரா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இத்தாலிய ஆசிரியர் செக்கெட்டியின் பெயரில் உள்ள பயிற்சி முறைக்கும் தேர்வுகள் உண்டு. வகானோவா என்னும் ரஷ்யப் பயிற்சி முறை மிகச் சிறந்தது, ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எங்கே, எத்தனை ஆண்டு, யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். இரண்டு வாரப் பயிலரங்குச் சான்றிதழ் போதாது. மேடையில் நன்றாக ஆடியவர் ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகச் சொல்லித்தருவார் என்றும் சொல்ல முடியாது.

5. பாயின்ட் ஷூ கேள்வி

விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான கெட்டிமுனைக் காலணிதான் பாயின்ட் ஷூ. "என் மகள் எப்போது பாயின்ட் ஷூ போடலாம்?" என்று கேளுங்கள். வயதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பதில் பாதிதான். கணுக்கால் பலம், இடுப்புக் கட்டுப்பாடு, எத்தனை ஆண்டுப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று நிபந்தனைகள் வர வேண்டும். நடன மருத்துவ வழிகாட்டுதல்கள் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கின்றன. வாரம் ஒரு வகுப்பு மட்டும் வருபவரை அதில் ஊக்குவிக்கவே வேண்டாம் என்றும் சொல்கின்றன. ஒன்பது வயதில் தருவோம் என்று பெருமையாகச் சொல்லும் பள்ளியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முழு வகுப்புக்கும் ஒரே நாளில் தருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தொடங்கும் பிள்ளைக்கு முழு அடிப்பாகம் கொண்ட தோல் காலணி வாங்குங்கள். அடிப்பாகம் இரண்டாகப் பிரிந்தது பாதத்தை அழகாகக் காட்டும், ஆனால் முழு அடிப்பாகத்தை எதிர்த்து வளைக்கும்போதுதான் பாதத்தின் சிறு தசைகள் உழைக்கும். வளரட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள், விரல் தடுக்கும்.

6. பணமும் காகிதமும்

மாதக் கட்டணத்தோடு உடை, தேர்வு, விழா செலவுகளையும், நடுவில் விலகினால் என்ன விதி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சேர்த்தது: பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்று சில பள்ளிகள் சொல்வதாக ஒருவர் எழுதியிருந்தார். தினமும் விடாதது நியாயம், பிள்ளைகளின் கவனம் சிதறும். சேரும் முன் ஒரு முறையாவது, அப்புறம் பருவத்துக்கு ஒரு முறையாவது பார்க்க விட வேண்டும். ஒருபோதும் முடியாது என்றால் சேர்க்காதீர்கள். தொட்டுத் திருத்தும் முன் பிள்ளையிடம் அனுமதி கேட்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மீண்டும் சேர்த்தது: பள்ளி மாற்றினால் பிள்ளையை ஒரு நிலை கீழே போடுகிறார்களே என்று இருவர் கேட்டார்கள். பாடத்திட்டம் மாறினால் அசைவுகளின் பெயரும் கை நிலைகளின் எண்ணும்கூட மாறும், அதனால் அது இயல்பு. என் மகளையும் கீழேதான் போட்டார்கள், இரண்டு வாரம் அழுதாள். அந்த ஆண்டில்தான் டர்ன்அவுட் இடுப்பிலிருந்து வரத் தொடங்கியது, கால் வலியும் நின்றது.